பழைய ஜன்னலை எடுத்துவிட்டு வண்ணக் கண்ணாடி போடலாமா?

களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கத்தில் உள்ள ஒரு தமிழ்ப் பங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஓடு போட்ட கத்தோலிக்கக் கோயில், கட்டி நூறு ஆண்டு ஆகப்போகிறது. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மர ஜன்னல்களை எல்லாம் கழற்றிவிட்டு, படம் போட்ட வண்ணக் கண்ணாடி வைப்பதாகப் பங்குப் பேரவையில் பேச்சு. செய்யலாமா? கூடவே அவருக்குச் சில சந்தேகங்கள்: கண்ணாடி காலப்போக்கில் கீழ்நோக்கி வழியும் என்பது உண்மையா, ஜன்னலின் தலை ஏன் கூராக இருக்கிறது, சுவரில் ஏறும் ஈரத்துக்கு என்ன செய்வது, மலங்கரைக்காரர் (சுரியானி மரபுக் கத்தோலிக்கர்) கோயில் மட்டும் ஏன் கிழக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறது, வடக்கன்குளம் கோயிலுக்கு இரண்டு கால் இருந்ததாகச் சொல்கிறார்களே அது என்ன, கண்ணாடியில் எந்தப் புனிதரை வைப்பது.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். மர ஜன்னலை எடுக்காதீர்கள். வண்ணக் கண்ணாடி வேண்டுமென்றால் ஜன்னலுக்கு மேலுள்ள வளைவில் வையுங்கள், முகப்பில் பாட்டு மேடைக்கு மேலே இருக்கும் வட்டத்தில் வையுங்கள். ஆள் கை எட்டித் திறந்து மூடுகிற கதவு கதவாகவே இருக்கட்டும்.

காரணம் இதுதான். படம் போட்ட கண்ணாடி ஜன்னல் வளர்ந்த ஊர்களில் வெளிச்சத்துக்குப் பஞ்சம். பாரீசில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 18 டிகிரிதான் எழும்பும். அதே நாளில் பாறசாலையில் 58 டிகிரி. அங்கே குளிரும் பனியும் உள்ளே வரக்கூடாது, ஆனால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடக்கூடாது. அதனால் சுவரையே கண்ணாடியாக்கினார்கள். பாரீசின் செயிண்ட் சாப்பல் கோயில் 1248-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதில் 15 பெரிய ஜன்னல்கள், 1113 காட்சிகள். அதன் மேல்மாடிக் கோயிலுக்குள் நின்றால் கல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அந்த ஜன்னல்களைத் திறப்பதற்கு யாரும் செய்யவில்லை. திறக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை.

நமக்கு வெளிச்சம் மிச்சம், காற்றுதான் குறை. ஞாயிறு இரண்டாம் பூசையில் ஆட்கள் நெருங்கி நிற்கும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பழைய கொத்தனாரும் ஆசாரியும் இதைத் தெரிந்துதான் கட்டினார்கள். ஜன்னல்கள் நேருக்கு நேர் இருக்கும், ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் போக வேண்டும். கதவில் பலகைகளைச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். மழை வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். கூரை உயரம்; சூடான காற்று மேலேறி ஓட்டு இடுக்கு வழியாகக் கசிந்து போய்விடும். மின்விசிறி இல்லாத காலத்தில் நூறு இருநூறு பேர் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். கொச்சிக் கோட்டையில் உள்ள புனித பிரான்சிஸ் கோயிலுக்குப் போனால், உத்திரத்திலிருந்து தொங்கும் துணிப் பங்காக்களை இன்றும் பார்க்கலாம். வெளியே ஆள் இருந்து கயிற்றை இழுத்தால் உள்ளே காற்று வீசும். 1503-இல் மரத்தில் எழும்பி, பிறகு கல்கட்டாக மாறிய கோயில் அது. வாஸ்கோடகாமாவை 1524-இல் முதலில் புதைத்தது அங்கேதான். அவ்வளவு பெயருள்ள கோயிலுக்கும் முதல் கவலை வியர்வைதான்.

கோவாவில் இன்னொரு வழி கண்டார்கள். கண்ணாடி விலை அதிகம், வெயிலோ கடுமை. தட்டையான, பால்நிறத்தில் ஒளி கசியும் ஒருவகைச் சிப்பியின் ஓட்டைச் சதுரமாக வெட்டி மரச் சட்டத்தில் செருகினார்கள். கோயிலிலும் வீட்டிலும் அதுதான் ஜன்னல். வெளிச்சம் வரும், கண் கூசாது. மூணாறு கதை வேறு. அங்கே 1910-இல் அடிக்கல் போட்ட கிறிஸ்து ஆலயம் கருங்கல் கட்டு, வண்ணக் கண்ணாடி ஜன்னல். கட்டியது தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள், இன்று அங்கே தமிழிலும் ஆராதனை நடக்கிறது. மூணாற்றுக் குளிருக்கு மூடிய கண்ணாடி பொருந்தும். அதைப் பார்த்துவிட்டு வந்து நம் பக்கத்தில் அப்படியே வைத்தால், ஏசி போட வேண்டிவரும். ஓட்டுக் கோயிலில் ஏசி போட்டால் குளிர்வது கூரைக்கு மேலே பறக்கும் காக்காய்தான்.

வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதையும் கணக்கில் எடுங்கள். நம் பக்கத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சி. வடக்கு, தெற்குச் சுவரில் உள்ள ஜன்னலுக்குச் சாய்ந்த வெயில் குறைவு. கூரை இறவாணமும் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) வராந்தாவும் இருந்தால் அதுவும் கிடையாது. அங்கே விலை கொடுத்து வைக்கும் கண்ணாடி பகல் முழுக்க மங்கலாகவே இருக்கும். கண்ணாடி எரிந்து தெரிவது கிழக்கிலும் மேற்கிலும். கிழக்கில் பீடத்துக்குப் பின்னால் பெரிய ஜன்னல் வைத்தால் காலைப் பூசையில் வெயில் நேராகச் சனங்கள் கண்ணில் அடிக்கும். பிரசங்கம் வைக்கும் சாமியாரின் முகம் கறுத்த நிழலாகத் தெரியும். ஆகவே முகப்பு மேற்கே பார்த்திருந்தால் அந்த வட்டத்தில் வைப்பதுதான் நல்லது. மாலை ஜெபமாலை நேரத்தில் தரையில் நிறம் விழும்.

அடுத்து, எதை வண்ணக் கண்ணாடி என்பது. இன்று கடையில் அந்தப் பெயரில் மூன்று சரக்கு கிடைக்கிறது. ஒன்று, சாதாரணக் கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். இரண்டு, கண்ணாடியின் மேல் மெஷினில் அச்சடித்த படம். மூன்றாவதுதான் அசல்: உருகும் நிலையிலேயே நிறம் ஏற்றிய கண்ணாடித் துண்டுகளை வரைபடத்துக்கு ஏற்ப வெட்டி, இரண்டு பக்கமும் பள்ளமுள்ள ஈயப் பட்டையில் செருகிச் சேர்த்தது. நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, பச்சைக்கு இரும்பு, சிவப்புக்குச் செம்பு. செம்பு போட்ட சிவப்பு கனமாக இருந்தால் கறுப்பாகிவிடும். ஆகவே வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகத்தான் சிவப்பை ஏற்றுவார்கள். முகம், கை, துணி மடிப்புக் கோடுகளை இரும்புத் துருவும் பொடித்த கண்ணாடியும் கலந்த மையால் எழுதி, 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுவார்கள். அப்போது மை கண்ணாடியோடு ஒட்டி இறுகிவிடும். மஞ்சளுக்கு வெள்ளி உப்பு. 1300-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவிய இந்த உத்தியால், ஒரே துண்டுக் கண்ணாடியில் வெள்ளை முகமும் பொன்னிற முடியும் வர முடிந்தது.

சோதித்துப் பார்க்க ஆள் கூப்பிட வேண்டாம். கறுப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டுங்கள். அசலில் கோடு மேடாக, உலோகமாக, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் இருக்கும். ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் கண்ணாடி என்பதால் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி மின்னும். பகலில் வெளியே நின்று பார்த்தால் அசல் ஜன்னல் கறுத்துக் கிடக்கும், அழகெல்லாம் உள்ளேதான். தாள் ஒட்டியதாக இருந்தால் ஓரத்தில் நகம் போகும். சில வருட வெயிலில் சிவப்பு முதலில் வெளிறும், மாதாவின் நீலம் மட்டும் மிஞ்சும். நம் பக்கத்தில் புதிதாகக் கட்டுகிற பல கோயில்களில் வைப்பது இந்தத் தாள்தான். தாள் வைப்பதில் குற்றம் ஒன்றுமில்லை, விலை குறைவு. ஆனால் தாளை வைத்துவிட்டு அசலுக்கான பணத்தை வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விலை பேசும்போதே ஈயப் பட்டை உண்டா, சூளையில் சுட்டதா என்று எழுதி வாங்குங்கள்.

அசல் வைத்தால் எவ்வளவு காலம்? கண்ணாடிக்கு வயதே இல்லை என்று சொல்லலாம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பேராலயத்தில் தொள்ளாயிரம் வருடம் தாண்டிய கண்ணாடி இருக்கிறது. தளர்வது ஈயம். நூறு வருடம் போல ஆனதும் பட்டை தன் எடையாலும் வெயில் சூட்டாலும் சோர்ந்து, பலகம் தொப்பை போல முன்னால் தள்ளும். ஒன்றரை அங்குலம் தள்ளிவிட்டால் கழற்றிப் புது ஈயம் போட வேண்டிய நேரம். இடையில் ஜன்னலைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளையும் பாருங்கள். கடற்கரைக் காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்து வீங்கி, பதித்த கல்லையே உடைக்கும். குறும்பனை, கொல்லங்கோடு மாதிரிக் கடலோரக் கோயில்களுக்கு நான் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் சொல்வேன்.

கண்ணாடி வழிவது பற்றி: இல்லை, வழியாது. பழைய ஜன்னல் கண்ணாடி கீழே தடித்தும் மேலே மெலிந்தும் இருப்பதைக் காட்டித்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் உருகிய கண்ணாடியை ஊதி, சுழற்றித் தட்டாக்கி, அதிலிருந்து வெட்டி எடுத்தார்கள். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு, எங்கும் ஒரே கனம் வராது. பொருத்துகிறவர் கனமான பக்கத்தைக் கீழே வைப்பது இயல்புதானே. கனமான பக்கம் மேலே இருக்கும் துண்டுகளும் உண்டு. பிரேசில் நாட்டு விஞ்ஞானி எட்கர் சனோட்டோ 1998-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: சாதாரண வெப்பத்தில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவு வழிய வேண்டுமானால் அண்டத்தின் வயதே போதாது. உங்கள் கோயில் வளைவில் நெளிநெளியாகத் தெரியும் பழைய கண்ணாடி மிச்சம் இருந்தால் அது தேய்ந்ததும் இல்லை, கெட்டதும் இல்லை. இன்றைக்கு அந்த நெளிவோடு ஒரு கண்ணாடி வாங்கப் போனால் எளிதில் கிடைக்காது.

கூரான தலை பற்றிய கேள்வி நல்ல கேள்வி. கல்லும் செங்கல்லும் அழுத்தத்தைத் தாங்கும், வளைவதைத் தாங்காது. நீளமான கல்லைத் திறப்பின் மேல் படுக்க வைத்தால் அடிப்பக்கம் விரியும், ஒருநாள் வெடிக்கும். அதனால் சிறு துண்டுகளை வளைவாக அடுக்கிப் பாரத்தைப் பக்கவாட்டில் இறக்கினார்கள். அரைவட்ட வளைவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: அகலத்தில் பாதிதான் உயரம். கூர்வளைவுக்கு அது கிடையாது. ஒடுக்கமான திறப்பையும் அகலமான திறப்பையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரலாம். வெளிப்பக்கமாகத் தள்ளும் விசையும் குறைவு. மிச்சத் தள்ளலை வெளியே முட்டுச்சுவர் வாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவில் சுவர் இளைத்து ஜன்னல் பெருத்ததெல்லாம் இந்தக் கணக்கால்தான்.

நம் ஓட்டுக் கோயிலில் அந்தக் கணக்கு வேறு. மேலே கல்வளைவுக் கூரை கிடையாது; கழுக்கோல் (சாய்மரம்), அதன் மேல் பட்டியல் (குறுக்குச் சட்டம்), ஓடு. கூரையின் தள்ளலைச் சுவருக்குச் சுவர் போட்ட குறுக்கு உத்திரம் இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே நம் ஜன்னலின் கூர் பெரும்பாலும் அலங்காரத்துக்கு. வெள்ளைக்காரச் சாமியார் தன் ஊர்க் கோயில் நினைவில் கோடு போட்டுக் கொடுத்திருப்பார், கொத்தனார் மரச்சட்டம் வைத்துச் செங்கல்லால் வளைத்திருப்பார். ஆனால் அந்த உத்திரம் அலங்காரம் அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நூற்றாண்டு விழா என்றதும் “பீடம் மறைக்கிறது, உத்திரத்தை அறுத்துவிடலாம்” என்று யாராவது கிளம்புவார்கள். அறுத்தால் கூரை இரண்டு சுவரையும் வெளியே தள்ளத் தொடங்கும். ஜன்னல் வளைவின் உச்சியில் முதலில் கீறல் விடும். அந்தக் கீறல் இப்போதே இருந்தால் கண்ணாடிப் பேச்சை நிறுத்திவிட்டு, பழைய கட்டிடம் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூட்டி வாருங்கள். கீழே பொய்க்கூரை அடித்திருந்தால் அதையும் ஓரிடத்தில் பிரித்து, உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தைப் பாருங்கள். கறையான் அங்கேதான் குடியிருக்கும். மேலே போகிறபோது மின்கம்பிகளையும் ஒரு கண் பாருங்கள். திருவிழாவுக்குத் திருவிழா சீரியல் லைட்டுக்கென்று இழுத்த இணைப்புகள் காய்ந்த மரத்தின் மேல் அப்படியே கிடக்கும். பாரீசின் நோத்ருதாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15-இல் எரிந்தபோது மரக்கூரைக்குக் கீழே கல்வளைவு இருந்ததால் உள்ளே பெரும்பகுதி தப்பியது. நம் தலைக்கு மேலே மரமும் ஓடும் மட்டும்தான்.

ஈரம். என்னைக் கேட்டால் ஜன்னலை விட இதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். நூறு வருடத்துக் கோயில் என்றால் வெட்டுக்கல் அல்லது கருங்கல், நடுவில் சுண்ணாம்புச் சாந்து. நல்ல வேலையாக இருந்தால் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்து அரைத்திருப்பார்கள். அந்தச் சுவர் மழைக்காலத்தில் கொஞ்சம் நீரை இழுக்கும், வெயில் காலத்தில் விட்டுவிடும். அதற்கு மேல் சிமெண்ட் பூசி, பளபளக்கும் பெயிண்டும் அடித்துவிட்டால் உள்ளே போன நீருக்கு வெளியேற வழி அடைபடும். அது உப்பையும் சுமந்துகொண்டு மேலே மேலே ஏறி, இடுப்பளவில் பெயிண்டைக் கொப்பளிக்க வைக்கும். மறுபடி சுரண்டி மறுபடி பெயிண்ட் அடிப்பார்கள், ஈரம் இன்னும் ஒரு அடி ஏறியிருக்கும். நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. சுவர் காயக் கிடைக்கும் காலமே குறைவு. செய்ய வேண்டியது: இறவாணத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளி ஓடும்படி ஒரு வாய்க்கால், சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் தரையையோ டைல்ஸையோ ஓரடியாவது வெட்டி எடுப்பது, சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்படிப்பு. வருடா வருடம் வெள்ளையடிக்க வேண்டுமே என்பார்கள். திருவிழாவுக்கு முன் ஊர் இளைஞர் கூடி வெள்ளையடித்த கோயில்கள்தானே எல்லாம்.

திசைக்கு வருவோம். கிழக்கு நோக்கி ஜெபிப்பது ஆதிக் கிறிஸ்தவ வழக்கம். உதயத்தின் திசையிலிருந்து ஆண்டவர் திரும்ப வருவார் என்ற எதிர்பார்ப்பு. சுரியானி மரபு இதை இறுகப் பிடித்துக்கொண்டது. மலங்கரைக் கத்தோலிக்கர் 1930-இல் ரோமையோடு சேர்ந்த பிறகும் சுரியானி வழிபாட்டை விடவில்லை. ஆகவே பீடம் கிழக்கே, அதன் முன் திரை, குருவும் சனங்களும் ஒரே பக்கம் பார்ப்பது. லத்தீன் கோயில்களில் இடமும் ரோடும் கடலும் பார்த்துக் கட்டினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பீடத்தைச் சுவரிலிருந்து முன்னே நகர்த்தி, குரு சனங்களைப் பார்த்து நின்றார். இங்குள்ள சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களின் வேர் எல்எம்எஸ், அதாவது லண்டன் மிஷனரி சங்கம். மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-இல் எழுப்பியதும் நாகர்கோவிலில் மீட் ஐயர் காலத்தில் எழுந்ததும் அந்த மரபு. அங்கே சிலை கிடையாது, பீடத்தை விடப் பிரசங்க மேடைக்கு எடுப்பு அதிகம், சுவரில் வசனம் இருக்கும். மார்த்தாண்டத்தில் ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் இத்தனை வகையையும் பார்த்துவிடலாம். பார்க்கிறவர் தக்கலைக்கு அருகே திருவிதாங்கோட்டில் உள்ள அரப்பள்ளியையும் பாருங்கள். தோமையார் கட்டியது என்பது மரபு. அந்தக் கருங்கல் கட்டிடத்துக்குள் நின்றால் கண்ணாடி இல்லாமலே வெளிச்சத்தை எப்படி அளந்து விட்டார்கள் என்பது புரியும்.

வடக்கன்குளம் சேதி உண்மைதான். 1872-இல் கட்டிய திருக்குடும்பக் கோயில் அது. ஒரே பீடத்திலிருந்து இரண்டு நடுக்கூடங்கள் பிரிந்து போகும். ஒன்றில் வெள்ளாளரும் முதலியாரும், மற்றதில் நாடாரும் ஏனையோரும். நடுவில் சுவர். குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஒரு பக்கத்தாருக்கு மறுபக்கத்தார் தெரியமாட்டார்கள். கால்சட்டைக் கோயில் என்று ஊர் கேலி செய்தது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும், கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமையை ஒப்புக்கொள்ளவில்லை. கோயில் கட்டிடம் என்றால் எல்லோரும் கோபுரத்தையும் ஜன்னலையும் கேட்கிறார்கள். எனக்கு இந்தச் சுவர்தான் முக்கியமாகப் படுகிறது. கோடு போட்டவர், கல் சுமந்தவர், காணிக்கை தந்தவர் எல்லோரும் சேர்ந்துதான் அதையும் கட்டினார்கள். உங்கள் கோயிலிலும் பழைய வாசல் ஏதாவது அடைபட்டுக் கிடந்தால், எதற்கு வைத்தது, எப்போது அடைத்தது என்று மூத்தவர்களிடம் கேட்டு நூற்றாண்டு மலரில் எழுதிவையுங்கள்.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்டன் என்ற அரண்மனை அலுவலர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குளச்சலில் 1741-இல் தோற்றுத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் சிறைப்பட்டு, பிறகு அவர் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய்தான் அவருக்கு வேதம் சொன்னவர். டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள், கூரையிழந்த சின்னக் கோயிலில் இருக்கிறது. தேவசகாயம் 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் புனிதர் பட்டம். எந்தப் புனிதரை வைப்பது என்று நீங்கள் கேட்டதற்கு என் முதல் யோசனை இவரே. கை கால் விலங்கோடு முழங்காலில் நிற்கும் உருவம் எல்லோருக்கும் தெரிந்தது, தூரத்திலிருந்தும் அடையாளம் புரியும். பெயர் எழுதும்போது ‘புனித தேவசகாயம்’ என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். பட்டம் கொடுக்கும்போதே சாதிப்பெயரை எடுத்துவிட்டார்கள்; கண்ணாடியில் சுட்டு ஏற்றினால் பிறகு அழிக்க முடியாது.

தோமையாருக்கு ஈட்டியோ தச்சரின் மூலைமட்டமோ கொடுப்பார்கள். இந்திய அரசன் ஒருவனுக்கு அரண்மனை கட்டித்தரப் பணம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார் என்ற பழங்கதையால் வந்தது அந்த மட்டம். பேதுருவுக்குச் சாவி, பவுலுக்கு வாள், செபஸ்தியாருக்கு அம்பு, அந்தோணியாருக்குக் கையில் குழந்தை. நற்செய்தியாளர் நால்வருக்கும் சின்னங்கள் உண்டு: மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு. வளைவு போன்ற சிறிய இடத்துக்கு முழு உருவத்தை விட இந்தச் சின்னங்களே மேல். முகம் எழுதத் தெரிந்த கை குறைவு. சின்ன இடத்தில் முகம் எழுதினால் எல்லாப் புனிதரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள்.

எல்லா ஜன்னலையும் ஒரே விழாவுக்குள் நிரப்ப வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். தெலங்கானாவின் மேதக் பேராலயம் பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு வேலை கொடுத்து எழும்பியது. பத்து வருட வேலை, 1924 கிறிஸ்துமஸ் அன்று அர்ச்சிப்பு. அங்கே புகழ்பெற்ற ஜன்னல்கள் மூன்று, எல்லாம் பிராங்க் சாலிஸ்பரி வரைந்தவை. பரமேறுதல் 1927-இல் வந்தது, பிறப்பு 1947-இல், சிலுவை 1958-இல். கோயில் திறந்து முப்பத்து நான்கு வருடம் கழித்துத்தான் மூன்றாவது ஜன்னல் நிறைந்தது. நீங்கள் இந்த வருடம் முகப்பு வட்டத்தை மட்டும் செய்யுங்கள். மிச்சப் பணத்தில் ஜன்னல் கதவுகளை ஆசாரியிடம் கொடுங்கள். உளுத்த அடிக்கட்டையை மட்டும் வெட்டி அயனியோ தேக்கோ சேர்த்தால் போதும், முழுக் கதவையும் மாற்ற வேண்டியது அபூர்வம். பழைய கதவை வாங்கிக்கொண்டு புதிது தருகிறேன் என்று வரும் வியாபாரியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அவருக்கு அந்த மரத்தின் விலை தெரியும்.

வளைவில் ஏற்கெனவே நிறக் கண்ணாடி இருந்தால் ஆசிட், அமோனியா கலந்த தெளிப்பான், இரும்புத் தேய்ப்பான் எதுவும் தொடக்கூடாது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். கையெழுத்தோ உருவமோ தீட்டிய இடத்தில் அதுவும் வேண்டாம். ஈயப் பட்டையைத் தொட்டவர்கள் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், பிள்ளைகளை அந்த வேலைக்கு விடாதீர்கள். பந்து பட்டுவிடும் என்று வெளியே பிளாஸ்டிக் பலகம் அடித்தால் மேலும் கீழும் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். அடைத்து வைத்தால் நடுவில் சூடு ஏறி ஈயம் சீக்கிரம் சோரும், தண்ணீர் கட்டும்.

வேலைக்கான காலம்: கார்த்திகை மழை விட்டுச் சுவர் காயத் தை வரை பொறுங்கள். தையில் சாரம் கட்டினால் சுண்ணாம்பு நிதானமாகக் காய நேரம் கிடைக்கும், இடவப்பாதி (ஜூன்) மழைக்கு முன்னே வெளிப்பூச்சு முடிந்துவிடும். உள்ளே கட்டிய சாரத்தை மட்டும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன் இறக்கிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தேதி போட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் பெரிய வெள்ளிக்கிழமை பாடு வாசிக்கும்போது சனங்கள் மூங்கிலுக்கு நடுவே நிற்க வேண்டிவரும்.